முள் எடுப்பவனின் பச்சை

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் லாத்தாவும் சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் எங்கள் கடைக்குப் போனபோது இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளிருந்து புளி வாசனை வந்தது. எங்கள் வாப்பா தரையில் செய்தித்தாளை விரித்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு வெண்கலச் சிலை. முந்தின நாள்வரை பாசி நிறத்தில் இருந்த அது, புதுக் குடம் போலத் தகதகவென்று மின்னியது.

“வாங்க, வாங்க. குனிஞ்சு பாரு யும்னா. ஒன் மொகம் தெரியுதா?”

குனிந்து பார்த்தேன். சிலையின் முதுகில் என் முகம் தெரிந்தது. கொஞ்சம் அகலமாக, வாய் திறந்தபடி.

“தெரியுது வாப்பா.”

“தெரியணும்ல? இந்தக் கடையிலேர்ந்து போற சாமான்ல வாங்குறவங்க மொகம் தெரியணும்.”

லாத்தா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

சில விஷயங்களை இங்கேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது புரியாது.

லாத்தா என்றால் என் அக்கா ஹலீமா. கடை, எங்கள் வாப்பா அப்துல் மஜீது நடத்திய பித்தளைக் கடை. குத்துவிளக்கு, தாம்பாளம், குடம், வெற்றிலைப் பெட்டி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் தேக்கா வட்டாரத்தில் பாதிப் பேர் வீட்டு விளக்குகளைத் துலக்குவதற்கு அவரிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். புளி, செங்கல் தூள், தேங்காய் நார், கடைசியில் எலுமிச்சை. அவர் முறை அதுதான். முட்டியில் அறுவை சிகிச்சை ஆனபிறகு சாவியை லாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் பாசிர் ரிஸ் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு சாவி அவரிடம் இருந்தது எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

லாத்தா விளக்குகளை விடவில்லை. கூடவே பழம்பொருள்களையும் சேர்த்தாள். புக்கிட் தீமாவில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது நான்கு வெண்கலச் சிலைகளை வாங்கிவந்தாள். நான்கும் முழங்கை உயரம். ஒருவன் கையைத் தூக்கி ஆடுகிறான். பின்னால் குட்டியாக ஒரு வால்; ரோமானியக் கதைகளில் வரும் காட்டுத் தேவன். ஒருவன் தோளில் ஆட்டுத்தோலைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்கிறான். ஒரு தொப்பைக் கிழவன் குடித்துவிட்டுப் பின்னால் சாய்ந்து நிற்கிறான். நான்காமவன் பாறைமேல் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டு, உள்ளங்காலில் தைத்த முள்ளை எடுக்கிறான்.

இவை ரோமானியர் காலத்துச் சிலைகள் அல்ல. அந்தச் சிலைகளைப் பார்த்து, நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பட்டறை ஒன்றில் வார்த்த சிறிய நகல்கள். அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போன வெள்ளைக்காரர்கள் ஞாபகத்துக்கு வாங்கிக்கொண்டு போனவை. லாத்தா இதை வாப்பாவுக்கு விளக்கியபோது அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ இங்க வர்ற டூரிஸ்ட்டு வாங்கிட்டுப் போற மெர்லயன் சாவிக்கொத்து மாதிரி, அந்தக் காலத்துது. அப்படிச் சொல்லு,” என்றார்.

நான்குக்கும் ஒரே நிறம். பழுப்பின்மேல் மங்கலான பச்சை. மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தது போலத் தெரியவேண்டும் என்று பட்டறைக்காரர்களே மருந்து வைத்து ஏற்றிய பச்சை அது. நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். லக்ஷனா அவற்றைக் கேட்டதே அதற்காகத்தான்.

லக்ஷனா, ராபின்சன் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் திறக்கவிருந்த வாசிப்புக்கூடத்தின் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. கூடத்தில் நான்கு சன்னல் மாடங்கள். மாடத்துக்கு ஒரு சிலை. சனிக்கிழமை காலையில் வந்து பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வாப்பாவின் பெயரைக் கேட்டு வராமல், லாத்தா தேர்ந்தெடுத்த சாமானைத் தேடி வந்த முதல் பெரிய ஆர்டர் அது. அது கைவிட்டுப் போனால், “பேசாம வெளக்கு வித்துக்கிட்டு இருந்திருக்கலாம்,” என்று தெருவில் சொல்வார்கள். லாத்தாவே அப்படி நினைக்க ஆரம்பித்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

கடைசியாக ஒன்று. மார்க்கத்துக்கு ஆகாது என்று வாப்பா தன் காலத்தில் உருவம் எதையும் விற்றதில்லை. பாவை விளக்கு கேட்டு வருகிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் எதிர்க்கடையில் விட்டுவிட்டு வருவார். லாத்தா இந்த நால்வரையும் கொண்டுவந்த நாளில், “உருவம். அதுலயும் உடுப்பில்லாத பயலுவ,” என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் கடைப் பக்கம் வரவேயில்லை.

அவர்தான் அன்றைக்கு ஒரு சிலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏன் வாப்பா, இவன மட்டும்?” என்று லாத்தா கடைசியில் கேட்டாள்.

“ஒருத்தன் ஆடுறான். ஒருத்தன் ஒட்டுக்கேக்குறான். ஒருத்தன் குடிச்சிட்டு நிக்கிறான். இவன் ஒருத்தன்தான் உருப்படியா ஒரு வேல பாக்குறான். அதான் இவன்லேர்ந்து ஆரம்பிச்சேன்.” நார்க்கட்டை நீரில் அலசினார். “ஒன் மொத பெரிய ஆர்டரு. களிம்பு புடிச்ச சாமானையா வீட்ட விட்டு அனுப்புறது? மத்த மூணையும் நாளைக்குத் தேச்சிடுறேன்.”

“வேணாம் வாப்பா,” என்று நானும் லாத்தாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். லாத்தா குனிந்து அவர் கையிலிருந்து நாரை வாங்கினாள். “முட்டி வலிக்கும். இதுவே போதும். நல்லா மின்னுது வாப்பா.”

வாப்பா சிரித்தார். நகக்கண்ணெல்லாம் புளியின் பழுப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அவரை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால், லாத்தா அதே முக்காலியில் உட்கார்ந்து சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடிச் சுருள்களுக்குள்ளும் அக்குளிலும் கால்விரல் இடுக்கிலும் மட்டும் பழைய பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூவரும் அலமாரியில் தங்கள் பச்சையோடு நின்றார்கள். இவன் அவர்களுக்கு நடுவில் கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல இருந்தான்.

“நீ ஆங் மோ கியோல படிக்கிறியே,” என்றாள். “அதுல பச்சை போட முடியுமா?”

நான் பகலில் பொங்கோலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் உலோகத்துக்கு நிறமேற்றும் வகுப்புக்குப் போகிறேன். அதுவரை நான் நிறமேற்றியதில் பெரியது ஒரு கரண்டி.

“தெரியல லாத்தா.”

“முடியாதுன்னு சொல்லலையே.”

“முடியும்னும் சொல்லலையே.”

என் ஆசிரியை மிஸ் கோவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பழைய பொருள், நீ தொடாதே, பழுது பார்க்கத் தெரிந்தவர்களிடம் கொடு, ஆனால் இப்போது கொடுத்தால் அடுத்த வருடம்தான் கையில் கிடைக்கும். அதை அப்படியே லாத்தாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “இது ராஜா வீட்டுச் சிலை இல்ல. டூரிஸ்ட்டுக்கு வித்தது. நீ ஒழுங்கா செய்வே. ஒழுங்கா வரலேன்னா அதையும் ஒழுங்கா சொல்லுவே. அது போதும்,” என்றாள்.

லக்ஷனாவுக்கு அப்போதே செய்தி அனுப்பிவிடலாமே என்றேன். அவர் கொழும்பில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமைதான் திரும்புகிறார். “இது மெசேஜ்ல சொல்ற விஷயமில்ல. நேருக்கு நேரா சொல்றேன்,” என்றாள் லாத்தா. சொல்வாள் என்று நான் முழுதாக நம்பவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் ஆரம்பித்தேன். முதலில் சிலையைச் சோப்பு நீரில் கழுவிப் புளியின் பிசுக்கை எடுத்தேன். அடுத்து, மிச்ச எண்ணெய்ப் பிசுக்குப் போக அசிட்டோன். விரல் பட்டால் எண்ணெய்த் தடம் விழும் என்று கையுறை போட்டுக்கொண்டேன். நேரடியாகச் சிலையில் கை வைக்கப் பயமாக இருந்ததால், கடைப் பெட்டியில் கிடந்த உடைந்த விளக்குத் தண்டுகளில் சோதித்துப் பார்த்தேன். கந்தகக் கரைசலை வெதுவெதுப்பாகத் தடவினால் பழுப்பு வந்தது. உப்பும் வினிகரும் தெளித்து, அடியில் ஒரு கிண்ணம் அம்மோனியா வைத்து, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவைத்தால், அந்தப் பழுப்பின்மேல் பச்சை மெல்லப் பூத்தது. விளக்குத் தண்டுகள் அழகாக வந்தன. எனக்கே ஆச்சரியம்.

பெட்டியைக் கடையின் பின்சந்தில் வைத்திருந்தேன். பக்கத்துத் தையல்கடை ஸ்ரீநாத் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

“என்ன ஹலீமாக்கா, டாய்லெட் ரிப்பேரா? தாங்கல லா!”

“பழம்பொருள் செய்யுறோம்,” என்றாள் லாத்தா.

“பழம்பொருள புதுசா வேற செய்யுறீங்களா? எனக்கும் ஒரு தாத்தா செஞ்சு குடுங்க. எங்க வீட்டுப் படம் எல்லாம் ரொம்பப் புதுசா இருக்கு.”

அடுத்த மாலை, அந்த வார வகுப்புகளை விட்டுவிட்டு, விளக்குத் தண்டில் வந்த அதே முறையை முள் எடுப்பவன்மேல் செய்தேன். பெட்டியைத் திறந்தபோது அவன் நீலமாக இருந்தான். பச்சை இல்லை. பள்ளிச் சீருடை போன்ற நீலம்.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது அது. விளக்குகள் பித்தளை. சிலை வெண்கலம். செம்பு இரண்டிலும் இருக்கிறது, ஆனால் கூடச் சேர்ந்தது வேறு. பித்தளைக் கடையில் வளர்ந்தவளுக்குக் கையில் கிடைத்ததெல்லாம் பித்தளையாகத்தான் தெரியும். வாப்பா புளியை எடுத்தது எதனாலோ, நான் விளக்குத் தண்டை எடுத்ததும் அதனால்தான்.

“கழுவிடு,” என்றாள் லாத்தா. “கழுவிட்டு மறுபடி.”

“மறுபடியும் நீலமா வந்தா?”

“நீலம் வராத எடம் ஒண்ணு தேடு.”

அவள் சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு அதிலிருந்து ஒரு வழி தோன்றியது. சிலை உள்ளீடற்றது. கவிழ்த்தால் பாறை இருக்கைக்கு அடியில் குகைபோல ஒரு வெற்றிடம். அதே வெண்கலம், யாரும் பார்க்காத இடம். அந்த உட்சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலவை தடவினேன். அம்மோனியாவைக் குறைத்தேன். உப்பைக் கூட்டினேன். ஒரு கட்டத்தில் அம்மோனியாவே இல்லாமல் வினிகரும் உப்பும் மட்டும். இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் போதும் என்று புரிந்தது. அம்மோனியா மிகக் குறைவாக இருந்த கட்டத்தில் வந்த பச்சையை, அவன் முடிச் சுருளுக்குள் மிஞ்சியிருந்த பழைய பச்சையோடு டார்ச் அடித்து ஒப்பிட்டேன். லாத்தாவையும் கூப்பிட்டேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

நீலத்தைக் கழுவிவிட்டு அந்தக் கட்டத்துக் கலவையையே சிலை முழுவதும் ஏற்றி, வெள்ளிக்கிழமை மெழுகு தடவி முடித்தேன். நால்வரையும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வரிசையாக நிறுத்தினோம். ஒரே வீட்டுப் பிள்ளைகள். நான் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன், விளக்கை அணைத்துப் பார்த்தேன். இவனுடைய முழங்காலில் பச்சை ஒரு சாயல் குளிர்ச்சியாகத் தெரிந்தது. அல்லது தெரிந்ததாக எனக்குத் தோன்றியது.

“சொல்ல வேணாமே லாத்தா,” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“யாருக்கும் தெரியாது. நான் வகுப்பே இன்னும் முடிக்கல. யாரு போட்டதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? ஆர்டர் போயிடும்.”

“போனா போகட்டும். ரோம்லேர்ந்து வந்ததுன்னு சொல்லி வித்திருந்தா எப்பவோ வித்திருப்பேன் யும்னா. எத்தன பேரு கேட்டாங்க. ‘நகல், ஊர் பாக்கப் போனவங்க வாங்குன சாமான்’னு சொல்லிச் சொல்லித்தான் இந்தம்மா ஒருத்தர் கெடச்சாங்க. நகல நகல்னு சொன்ன வாயால, பச்சையில போயி எப்படிப் பொய் சொல்றது?”

சனிக்கிழமை காலை லக்ஷனா வந்தார். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேராக மேசைக்கு வந்தார்.

“ஓம், இதுதான் எனக்கு வேணும். நாலு பேரும் சேர்ந்து நிக்கிற அழகைப் பாருங்க.”

“எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்,” என்றாள் லாத்தா. “இவங்கள்ல ஒருத்தரோட பச்சை பழசு இல்ல. அது போயிடுச்சு. இந்த வாரம் நாங்க மறுபடி போட்டோம்.”

லக்ஷனாவின் சிரிப்பு நின்றது. “எது?”

லாத்தா காட்டுவதற்குள் அவர் கையை உயர்த்தினார். “பொறுங்க. நானே பாக்கிறேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். முள் எடுப்பவனிடம் வந்தபோது நான் அவன் முழங்காலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவனைத் தாண்டிப் போய், குடிகாரக் கிழவனின் தொப்பையில் விரலை வைத்தார். “இவரா?”

“அவன் இல்லம்மா,” என்று வாசலிலிருந்து ஒரு குரல். “அவன் எப்பவுமே அப்படித்தான் நிப்பான்.”

வாப்பா. தேய்த்த சட்டை, கையில் கறிபாஃப் பலகாரப் பொட்டலம். மகளின் முதல் பெரிய ஆர்டர் கிளம்புவதைப் பார்க்கச் சொல்லாமல் வந்திருந்தார். “நான் தேச்சது இந்தப் பயல,” என்றபடி மேசைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முள் எடுப்பவனின் முதுகைப் பார்த்தார். அதில் யாருடைய முகமும் தெரியவில்லை.

“மின்னிச்சே. யாரு இவன மறுபடி களிம்பாக்குனது?”

“நான்தான் வாப்பா,” என்றேன்.

லாத்தா இருவருக்கும் சேர்த்தே சொன்னாள். பச்சை அழுக்கு இல்லை என்று. செய்தவர்களே ஏற்றிய நிறம் என்று. ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்ன, அதற்குப் பிறகு நான் செய்தது என்ன என்று. நீலமாக வந்ததையும் விடவில்லை. வாப்பா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்போ நான் கெடுத்துட்டேனா?”

“ஆமா வாப்பா,” என்றாள் லாத்தா. “அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அவனத் தொட்டு வேல பாத்தத பாத்ததும் எனக்கு வாய் வரல.”

வாப்பா லக்ஷனாவைப் பார்த்து, “நாப்பது வருசமா களிம்ப எடுக்கத்தான்மா எங்கிட்ட சாமான் கொண்டு வந்தாங்க. களிம்பு போடுறதுக்கு வகுப்பு நடக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?” என்றார்.

லக்ஷனா சிரித்துவிட்டார். ஆனால் கண்ணாடியைக் கழற்றியபோது முகம் மறுபடி வேலைக்குத் திரும்பியிருந்தது. “ஹலீமா, நான் கூடத்துல மற்றவங்களுக்குப் பதில் சொல்லணும். மூணை எடுத்துக்கிறேன். இவனைப் பிறகு பாப்போம்.”

மூன்று என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. மூன்று விற்றாலே ஆர்டர் கைவிட்டுப் போகாது. லாத்தா சரி என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“மூணா குடுக்க மாட்டேன்,” என்றாள்.

“ஹலீமா…”

“இவங்க மூணு பேரோட அசல் மண்ணுக்குள்ளேர்ந்து தோண்டி எடுத்தது. அதனால பச்சை. இவனோட அசலு மண்ணுக்குள்ள போனதே இல்லன்னு சொல்றாங்க. ரோம்ல வெளியிலயே இருந்தவன். மத்தவங்களோட சேந்து நிக்கணும்னுதான் நேப்பிள்ஸ்ல இவனுக்குப் பச்சை போட்டிருக்காங்க. என் தங்கச்சியும் அதுக்காகத்தான் போட்டா. அவங்க போட்டத பழம்பொருள்னு எடுத்துக்குவீங்க, அவ போட்டத பிறகு பாப்பீங்கன்னா, அது சரியில்ல. நாலா வேணும்னா எடுத்துக்குங்க. வேணாம்னா நாலும் இங்கயே இருக்கட்டும். எனக்கு வருத்தம் இருக்கும், கோவம் இருக்காது.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசும்போது தானும் அப்படி நின்றதில்லை என்பது போல.

லக்ஷனா என் பக்கம் திரும்பினார். “இந்தப் பச்சை எவ்வளவு காலத்துக்கு நிக்கும்?”

பத்து வருடம் என்று சொல்லலாம். நூறு வருடம் என்றும் சொல்லலாம். யாருக்குத் தெரியும்?

“தெரியலங்க,” என்றேன். “மெழுகு போட்டிருக்கேன். ஏர்கான் ரூம்ல ஈரம் குறையும், அதனால கொஞ்சம் வெளுக்கலாம். மாறாம அப்படியே இருக்கவும் செய்யலாம். நான் இதுக்கு முன்னாடி இவ்வளவு பெருசா செஞ்சதில்ல. நீங்க எடுத்துக்கிட்டா, மாசம் ஒரு தடவ நானே வந்து பாக்குறேன். மாறியிருந்தா ஒங்ககிட்ட சொல்லுவேன். மூடி மறைக்க மாட்டேன். முழங்கால்ல இப்பவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கு.”

“எங்க?”

காட்டினேன். அவர் நெருங்கிப் பார்த்தார். “எனக்குத் தெரியலையே.”

“எனக்குத் தெரியுது.”

மழை விட்டிருந்தது. தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம். லக்ஷனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு நான்கையும் தள்ளி நின்று பார்த்தார். “இந்த வேலையில எனக்கு யாரும் ‘தெரியல’ன்னு சொன்னதில்ல,” என்றார். “எல்லாரும் சாகிற வரைக்கும் கேரண்டி குடுப்பாங்க. காசு வாங்கினபிறகு போன் எடுக்க மாட்டாங்க.” பிறகு லாத்தாவிடம், “நாலும் வரட்டும். ஆனா பக்கத்துல வைக்கிற கார்டுல எல்லாம் இருக்கணும். நேப்பிள்ஸ் பச்சை போனது, சிங்கப்பூர்ல போட்டது, யாரு போட்டது, எந்த வருஷம். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றார்.

“பேரு வேணாமே,” என்றேன். “வகுப்பு முடியல. சான்றிதழ் கூட வரல.”

“ஏன் வேணாம்?” என்றார் வாப்பா. “எழுது. பச்சை போட்டது யும்னா. அதுக்கு மேல தேச்சவன் பேரையும் எழுது. சும்மாவா தேச்சேன்? அரை நாளு!”

“வாப்பா!”

“எழுதுங்க,” என்றார் லக்ஷனா, சிரிப்பை அடக்காமல். “படிக்கிறவங்களுக்கு அதுதான் பிடிக்கும்.”

கார்டை லாத்தா அங்கேயே எழுதினாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். என் பெயரை அவள் எழுதுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. இருந்தும் கார்டைக் கையில் எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு எதற்காகப் படிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகி மேசையில் வைத்துவிட்டேன்.

நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாக லாத்தா ஒத்துக்கொண்டதால், மதியத்துக்கு மேல் வேனில் கிளம்பினோம். மூன்று சிலைகளைப் பெட்டிகளில் வைத்துப் பின்னால் கட்டினோம். நான்காவதற்குப் பெட்டி போதவில்லை. வாப்பா அதைப் போர்வையில் சுற்றி முன்சீட்டில் தன் மடியில் வைத்துக்கொண்டார். முட்டிக்கு ஆகாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ராபின்சன் ரோட்டில் அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் சரக்கு இறக்கும் இடத்தில் பாதுகாவலர் ஒருவர் வேனை நிறுத்தினார். தமிழர். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“எந்தக் கம்பெனி?”

லாத்தா பின்கதவைத் திறந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா பதில் சொன்னார்.

“ஹலீமா.”

“ஹலீமா என்ன? அண்ட் கோ? டிரேடிங்?”

“ஹலீமா. அவ்வளவுதான். அதோ நிக்கிறாங்கல்ல, அவங்க கம்பெனி. அந்தச் சின்னவங்க பச்சை போடுறவங்க.”

பாதுகாவலர் எங்கள் இருவரையும் பார்த்தார். எழுதிக்கொண்டார். “நீங்க யாரு, அங்கிள்? ஓனரா?”

“இல்ல லா,” என்றார் வாப்பா. “தூக்குற ஆளு.”

லாத்தா கதவைப் பிடித்தபடியே நின்றாள். வாப்பா அடையாள அட்டையை நீட்டி, பார்வையாளர் பாஸை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பிறகு போர்வையில் சுற்றியிருந்த முள் எடுப்பவனை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, யாரையும் உதவிக்கு விடாமல், எங்களுக்கு முன்னால் லிஃப்டை நோக்கி நடந்தார்.